மருந்துப் புட்டியைத் திறக்கும் முன்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் தொட்டிகளிலும் பழைய பெயிண்ட் டப்பாக்களிலும் காய்கறி போடுகிறோம். அதில் நம்மவர் ஐந்து குடும்பம். புனே சந்தையில் வெந்தயக்கீரைக்குப் பஞ்சம் என்பதே கிடையாது. ஆனால் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் நினைத்த நாளில் வேண்டுமென்றால் நாமே போட்டால்தான் உண்டு. ஆகவே மாடித் தோட்டம் நம் வீடுகளில் வெறும் பொழுதுபோக்கு அல்ல, பாதி சமையலறை விவகாரம்.

சென்ற மழைக்காலத்தில் எல்லோர் கத்தரியிலும் புழு. மூன்றாவது மாடித் தம்பி ஒருவர், நல்ல பிள்ளை, ஒரு தண்ணீர் பாட்டிலில் கால் பாகம் மருந்து கொண்டுவந்தார். பருத்திக்கு அடிப்பதாம், தெரிந்தவர் கொடுத்ததாம். “ஒரு வாளிக்குப் பத்துச் சொட்டு போதும் சார், காலணா செலவில்லை” என்றார். மருந்தின் பெயர் என்ன என்றேன். தெரியவில்லை. பாட்டிலில் பழைய குடிநீர் லேபிள்தான் இருந்தது. நான் வேண்டாமென்றேன். “உங்களுக்கென்ன சார், பென்ஷன் வருகிறது, இயற்கை விவசாயம் பேசலாம்” என்று இன்னொருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவர் எடுத்த செலவுக் கணக்கிலேயே பேசுவோம்.

முதலில் அந்த லேபிள் இல்லாத பாட்டில். பீகாரில் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் 2013 ஜூலையில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. காய்கறிப் பயிருக்கு அந்த மருந்தை உபயோகிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டிருந்தது. பருத்திக்கு அப்போது தடை இல்லை. நம் மகாராஷ்டிரத்திலேயே யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். பருத்தியை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. கத்தரியை நாளைக்கே பறித்துக் குழம்பில் போடுவோம். மருந்து டப்பாவில் வைர வடிவத்தில் ஒரு நிறக் கட்டம் அச்சிட்டிருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். தண்ணீர் பாட்டிலில் வாங்கினால் இந்த இரண்டும் போயிற்று. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் மாடியில் அந்தப் பாட்டிலை எங்கே வைப்பது?

விவசாயியை நான் குறை சொல்லவில்லை. ஏக்கர் கணக்கில் கத்தரி போட்டுக் கடன் வாங்கியவன் கஷ்டம் வேறு. காய்ப்புழு எத்தனை பெரிய தலைவலி என்றால், அதற்காகவே ஜால்னாவிலுள்ள மஹிகோ கம்பெனியும் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து பி.டி. கத்தரி உருவாக்கின. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அது பெரிய விவாதம், இங்கே வேண்டாம். பதினைந்து தொட்டி வைத்திருக்கும் நமக்கு அந்த நிர்ப்பந்தம் ஏதும் இல்லை என்பதுதான் என் கட்சி.

நான் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்தவன். பாதையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தம் எல்லைக்குட்பட்ட பாதையை முழுக்க நடந்து பார்த்து, தளர்ந்ததைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவார். தளர்ந்த அன்றே தட்டினால் ஒரு சுத்தியலோடு வேலை முடிந்தது. கத்தரிப் புழுவும் அப்படித்தான். முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் அது தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் மேலே எதை அடித்தாலும் உள்ளே இருப்பதற்கு உறைக்காது. ஆனால் தண்டுக்குள் புகுந்ததும் அந்தக் கொழுந்து வாடித் தலை தொங்கும். காலையில் காப்பி குடித்த கையோடு ஒரு சுற்று வந்து, வாடிய நுனியை நாலு விரல் கீழே கிள்ளி நசுக்கிப் போட்டால் புழு காய்க்கு வருவதற்கு முன்பே தீர்ந்தது. துளை விழுந்த காயையும் செடியில் விடக் கூடாது. இதற்குச் செலவு தினம் பத்து நிமிஷம். எனக்குத் தெரிந்து பாதிப் பூச்சி இந்தப் பத்து நிமிஷத்திலேயே அடங்கிவிடும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் கையால் எடுத்தால் போகிற ஆசாமிதான்.

அடுத்தது துணி. என் வீட்டுப் பழைய கொசுவலை இப்போது கத்தரிக்கும் மிளகாய்க்கும் கூடாரம். அந்துப்பூச்சி உள்ளே வர முடியாது, முட்டையும் இல்லை. (மருந்து தோய்த்த கொசுவலை விற்கிறார்கள், அது காய்கறிக்கு ஆகாது.) பாகல், புடலைக்கு மட்டும் கூடாரம் போடக் கூடாது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, தேனீ வந்தாக வேண்டும். பிஞ்சு பிடித்தபின் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பையோ பழைய வேஷ்டித் துண்டோ கட்டிவிட்டால் பழ ஈ முட்டையிடாது. கொசுவலைக் கண்ணுக்குள் வெள்ளை ஈ மட்டும் நுழைந்துவிடும். வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகும் வைரஸ் நோயைப் பரப்புவது அதுதான். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

தீபாவளிக்குப் பிறகு புனேயில் குளிர் இறங்கியதும் அவரையில் அசுவினி வரும். குழாய்த் தண்ணீரை இலைக்கு அடியில் பீய்ச்சினாலே முக்கால்வாசி உதிரும். அப்போது குட்டி முதலை போல ஒரு கருப்புப் புழு அதனிடையே ஊர்ந்தால் கொன்றுவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்ன வந்திருக்கிறது. நானே இரண்டு வருஷம் அதை நசுக்கியவன்.

பறவை விஷயத்தில் என் குற்றம் இன்னும் பெரிது. மணத்தக்காளிப் பழம் கறுத்தால் புல்புலுக்கு எப்படித்தான் தெரியுமோ, நமக்கு வற்றல் போட ஒரு கைப்பிடி மிஞ்சாது. வீம்புக்கு, யாரோ வேண்டாமென்று போட்ட மெல்லிய நைலான் வலையைச் செடிமேல் தளர்வாகப் போர்த்தினேன். சல்லிக் காசு செலவில்லை. மறுநாள் காலை ஒரு புல்புல் காலும் இறக்கையும் சிக்கித் தொங்கியது. கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பதற்குள் என் கையிலேயே போய்விட்டது. என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தடித்த நூல் வலையாக, நம் சுண்டுவிரல் நுழையாத சிறு கண்ணாக இருக்க வேண்டும். குச்சி நட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும், விரலால் தட்டினால் துள்ள வேண்டும். எங்கள் மாடியில் இன்றும் இரண்டு மூன்று இடத்தில் தொளதொளவென்று மெல்லிய வலை தொங்குகிறது. அதை அவிழ்க்கச் சொல்லித்தான் அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறேன்.

விரட்டுவது நமக்குப் புதிதல்ல. வள்ளியே தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடியவள். குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகளுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. தவுண்டிலிருந்து சோலாப்பூர் போகும் பாதையில், தை மாதச் சோளக் கொல்லைகளில் கோபண் என்னும் கவணைச் சுழற்றும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இவற்றில் எல்லாம் ஒரு ஆள் நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். நாமோ பழைய சி.டி.யை ஒரு முறை கட்டிவிட்டு மூன்று மாதம் பயப்படு என்றால் கிளி பயப்படுமா? ரயில்வே குவார்ட்டர்ஸில் விருந்தாளி வந்தால் இரவு இரண்டு மணி கூட்ஸ் வண்டிக்குத் திடுக்கிட்டு எழுவார், வீட்டுக்காரர் குறட்டை விடுவார். பறவைக்கும் பழகிவிடும். சி.டி.யோ பொம்மையோ, இரண்டு நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். மிளகாய்ப் பொடி தூவுகிறவர்களுக்கு ஒரு செய்தி: பறவைக்குக் காரம் உறைக்காது. கிளி மிளகாயையே உரித்துத் தின்னும்.

அந்தப் புல்புலும் சிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் புழுவைத்தான் ஊட்டுகின்றன. அர்ஜென்டினாவில் 1995-96-ல் வெட்டுக்கிளியைக் கொல்ல மேலே சொன்ன மோனோகுரோட்டோபாஸை வயலில் அடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்து அந்த வெட்டுக்கிளிகளையே தின்று கொண்டிருந்த சுவைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்களைக் காசு செலவழித்துக் கொன்றதாகத்தான் கணக்கு முடிந்தது. எங்கள் மாடியில் இப்போது ஒரு மணத்தக்காளிச் செடிக்கு வலை கட்டியிருக்கிறேன், ஒன்றை விட்டுவிட்டேன். என் மனைவியின் யோசனை.

கடைசியாக வேம்பு. இதையும் முதலிலேயே அடிக்க வேண்டாம். பார்த்து, கிள்ளி, மூடியும் அடங்காதபோது மட்டும். காய்ந்த வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்க வேண்டும். அடித்தவுடன் புழு விழவில்லையே என்று கைவிடாதீர்கள். இது பட்டதும் கொல்லும் மருந்தல்ல, புழு தின்பதையும் தோலுரித்து வளர்வதையும் தடுப்பது. இரண்டு மூன்று நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைக்க வேண்டும். வலை, சோப்பு எல்லாம் சேர்த்துப் போன வருஷம் எனக்கு ஆன செலவு 600 ரூபாய்க்குள்தான். தடித்த வலைக்கே அதில் பெரும்பகுதி, அது இன்னும் நாலைந்து வருஷம் வரும்.

வேப்பமரம் புனேயிலும் உண்டு, ஆனால் உதிர்கிற பழத்தை விடியுமுன் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். ஆனி, ஆடியில் ஊருக்குப் போகிறவர்கள் கோயில் வாசலில் கிடக்கும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கிக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, துணிப் பையில் கொண்டுவாருங்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். மூன்றாவது மாடித் தம்பி இந்த வருஷம் இரண்டு கிலோ கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.