ஆங்கிலச் சொற்களின் தமிழ் மூலம்: ஒலியொப்புமை சான்றாகுமா?

அன்றாட ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்வேர் காட்டும் கட்டுரைகள் பெருகி வருகின்றன. அவற்றுள் பல, ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்கின்றன. இப்போக்கு, தமிழிலிருந்து ஆங்கிலம் உண்மையாகவே பெற்ற சொற்களையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.

தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' ஆகியவை ஒலியாலும் பொருளாலும் நெருங்கியவை. ஆயினும் எண்பது, எண்ணூறு என்னும் வடிவங்கள் தமிழ்ச்சொல்லின் அடி 'எண்' என்பதைப் புலப்படுத்துகின்றன. இத்திரிபினைத் தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியலும் கூறுகிறது. ஆங்கிலச் சொல்லோ இலத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட' ஆகியவற்றின் இனம். அதன் எழுத்துக்கூட்டில் இன்று ஒலியாது நிற்கும் ஜி, எச் ஆகிய எழுத்துகள், இலத்தீன் வடிவில் ககரமெய்யாக நிற்கும் ஒலியின் எச்சம். வேர்கள் விலகவே, ஒப்புமை தற்செயலாகிறது.

'கேஷ்' இதனினும் நுட்பமானது. பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டி என்னும் பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே இலத்தீன் 'காப்சா'வைச் சென்றடைகிறது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு 'கேஷ்', தமிழ்க் 'காசு' போர்ச்சுகீசியர் வாயிலாக ஆங்கிலம் புகுந்ததன் விளைவு. எழுத்து வடிவம் ஒன்று; சொற்கள் இரண்டு. இரண்டாவதற்குரிய பெருமையை முதலாவதற்கும் ஏற்றியுரைப்பது ஆய்வாகாது.

'கட்டுமரம்' பற்றி இத்தகைய ஐயம் எழுவதில்லை. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்கள் இடம்பெறுகின்றன. இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடற்பகுதி கொண்ட படகைக் குறித்தாலும், அது வந்த வழி மறையவில்லை. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அவ்வாறே. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இவற்றைப் பதிவு செய்துள்ளது.

பண்டைய மொழியுறவுகளுக்கு வாய்ப்பே இல்லை என்பது இங்கு வாதமன்று. வாய்ப்பு வேறு, சான்று வேறு. ஆகவே, தமிழ் மூலம் கூறும் ஒவ்வொரு கட்டுரையும் மூன்றினைக் காட்டுதல் வேண்டும்: சொல் ஆங்கிலத்தில் முதலில் பதிவான காலம், அது சென்ற வழி, இருமொழிக் குடும்பங்களிலும் அதன் இனச்சொற்கள். இவற்றை மதிப்பீட்டாளர்கள் கட்டாயமாகக் கோருவார்களாயின் பட்டியல் சுருங்கும். எஞ்சும் சொற்களை எவரும் மறுக்க இயலாது.