பாரமற்ற மனிதர்கள்: நம்மவர் சித்திரங்களில் மனித உடல்

மே தினச் சுவரொட்டிகளையும் பாடசாலைச் சித்திரக் கண்காட்சிகளையும், ஏன், நமது சஞ்சிகைகளின் அட்டைகளையும் ஒருமுறை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகாமற் போகாது. அவற்றிலே உழைப்பாளிகள் நிறைந்துள்ளனர், உழைப்பைக் காணோம். மூடை சுமப்பவனின் முதுகு கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து நிற்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையிலே ஓர் இலையேனும் இருப்பதாகத் தெரியவில்லை. வலை இழுப்போர் படம் பிடிப்பதற்காகக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்பவர்போற் காட்சியளிக்கின்றனர். தசைகள் மாத்திரம் புடைத்துள்ளன. புடைத்த தசையையே உழைப்பின் அடையாளமாகக் கொண்டுவிட்ட இவ்வோவியங்கள், தாம் போற்றப் புகுந்த மனிதரையே பொய்யாக்குகின்றன என்பது என் குற்றச்சாட்டு.

இது வெறும் பயிற்சிக் குறைவாயின் அதனைக் கண்டிக்க ஒரு கட்டுரை வேண்டியதில்லை. இக்குறையைக் காத்து நிற்கும் கொள்கைகள் நம்மிடையே உள. உடலை உள்ளவாறு வரைதல் மேனாட்டார் மரபு என்றும், நமது கலை அகக்காட்சியை வரைவது என்றும், ஆதலின் உடலமைப்பைக் கற்றல் நமக்குத் தேவையன்று என்றும் கூறுவார் உளர். இவர்கள் தமக்கு அரணாக ஆனந்த குமாரசுவாமியை அழைத்துக்கொள்வதும் வழக்கம். 1934ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே, இந்தியக் கலை புறத்தோற்றத்தைப் போலச் செய்வதைக் குறிக்கோளாகக் கொண்டதன்று என அவர் வாதிட்டது மெய்யே. ஆயின், உடல் எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கலைஞன் அறியவேண்டியதில்லை என்ற முடிபு அவருடையதன்று; அவர் பெயரைச் சொல்லிச் சோம்பியிருப்போருடையது.

கொழும்பு நூதனசாலையிலுள்ள பொலன்னறுவை நடராசர் படிமத்தின் முன் இவர்கள் சிறிது நேரம் நிற்பாராக. நான்கு கைகளுடைய மனிதனை எவரும் கண்டதில்லை. எனினும் அவ்வுருவை நாம் நம்புகின்றோம். மடங்கிய வலக்காலின் பாதத்திலே முழு உடலின் பாரமும் இறங்குகின்றது. குறுக்கே தூக்கிய இடக்காலின் இழுப்பினை உடலும் கைகளும் ஈடுசெய்கின்றன. அடி நிற்பதனாலேதான் கைகள் நான்காயினும் கண் ஏற்றுக்கொள்கின்றது. உயிருள்ள மனிதரைத் தம் கலைக்கூடத்திலே தம் விருப்பப்படி நடமாடவிட்டு ஆராய்ந்த பிரெஞ்சுச் சிற்பி ரொடான், நடராசர் படிமத்தின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து எழுதினார். அவர் இறந்து நான்காண்டுகளின் பின்னர், 1921இல், அவ்வெழுத்து பாரிசிலே நூலுருப் பெற்றபோது அதே தொகுதியிலே குமாரசுவாமியின் எழுத்தும் இடம்பெற்றது. கீழைத்தேயம், மேலைத்தேயம் என்று இவர்கள் எழுப்பும் மதிலை அவ்விருவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

சிற்ப நூலார் முகநீளத்தை அலகாகக் கொண்டு தாலக் கணக்கு வகுத்தனர் என்பதைப் பலரும் அறிவர். அதனோடு நில்லாது சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என்று உடலின் வளைவுகளுக்கும் பெயரிட்டனர். பாரம் இரு காலிலும் ஒப்ப நிற்கின்றதா, ஒரு காலுக்கு மாறிவிட்டதா என்பதன்றி இப்பெயர்களுக்கு வேறென்ன பொருள்? ஒரு காலில் நிற்பவனின் இடுப்பு அப்பக்கம் உயரும். அதனை ஈடுசெய்யத் தோள் அதே பக்கம் தாழும். கிரேக்கச் சிற்பிகள் கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிற் கண்டதும் இதுவே. (சிகிரியா மங்கையரைப் பார்த்து எழுதிப் பழகினால் உடல் வரையலாம் என்பார்க்கு ஒரு சொல்: அப்பெண்கள் இடைக்குக் கீழே மேகத்தில் மறைந்துள்ளனர். நிற்பதெப்படி என்பதை அவர்களிடம் கற்க இயலாது!)

இனி, மறுகரையில் நிற்போரைப் பார்ப்போம். இவர்கள் தலையின் நீளத்தால் அளந்தால் உடல் ஏழரைத் தலை என்று கோடிட்டுக் கட்டம் போடுவிப்பர். அன்றேல் கைத்தொலைபேசியிலுள்ள ஒளிப்படத்தைப் பெயர்த்தெழுதச் செய்வர். ஏழரைத் தலை நிமிர்ந்து நிற்பவனுக்கு உரிய கணக்கு. நாற்று நடக் குனிந்தவளை எக்கட்டத்தில் அடைப்பது? ஒளிப்படமோ இமைப்பொழுதொன்றை மாத்திரம் தருவது. 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள், பாயும் குதிரை கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதில்லை என மெய்ப்பித்தன. ஓவியர் நெடுங்காலம் செய்துவந்த பிழை வெளியாயிற்று. ஆயினும், நடப்பவனை அவ்வாறு இமைப்பொழுதிற் பிடித்த படம் அவன் அந்தரத்தில் உறைந்துவிட்டான் போலத் தோற்றுகின்றது என்று ரொடான் 1911இல் சுட்டிக்காட்டியதும் உண்மையே. அசைவு என்பது முன்நிகழ்ந்ததும் பின்நிகழப் போவதும் ஓருடலில் ஒருங்கே தெரிவது.

கரைவலை இழுப்போரை எடுத்துக்கொள்வோம். உழவு இயந்திரம் வலை இழுக்கும் கரைகள் இன்று உள்ளனவெனினும், மனிதர் இழுக்கும் காட்சியே நம் ஓவியர்க்கு இன்னும் உவப்பானது. இழுப்பவன் பின்னோக்கிச் சாய்கின்றான். அவன் உடற்பாரத்தின் நேர்கோடு குதிகாலுக்குப் பின்னே மணலில் விழுகின்றது. அவனை விழாமற் காப்பது கயிறு. கயிற்றின் மறுமுனையிலுள்ள கடல். குதிகால் மணலைத் தோண்டி நிற்க, முழங்கால் மடிந்து, கைகள் ஏறக்குறைய நீண்டே இருக்கும்; இழுப்பது கையன்று, சாய்ந்த உடலின் பாரமே. ஆகவே ஒரு சோதனை கூறுவேன். ஓவியத்திலுள்ள கயிற்றை உங்கள் விரலால் மறைத்துப் பாருங்கள். அம்மனிதன் அப்போதும் விழாமல் நிற்பானாயின் அவன் வலை இழுக்கவில்லை. நமது கண்காட்சிகளிலே இச்சோதனையில் தேறுவோர் மிகச் சிலர். தோட்டத்துப் பெண்ணுக்கும் இது பொருந்தும். தலையில் மாட்டிய கயிறு கூடையின் பாரத்தால் தலையைப் பின்னே இழுக்க, அவள் கழுத்தும் மேலுடலும் முன்னே சாய்ந்து அதனை எதிர்க்கின்றன. உல்லாசப் பயணத்துறை விளம்பரப் பெண் நிமிர்ந்து சிரிப்பது கூடை வெறுமையானதால். விளம்பரகாரரின் நோக்கம் விளங்கக்கூடியது. முற்போக்கு ஓவியரும் அதையே வரைவதுதான் விளங்கவில்லை.

உடலை உற்று நோக்குவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதென்பர். ஆடை களைந்த உருவை யாரும் கேட்கவில்லை. சேலையும் சாரமும் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் தாங்கப்பட்டே தொங்குகின்றன. மடிப்பு எங்கிருந்து இறங்குகின்றதென்று கண்டால் உடல் எங்குளதென்று தெரிந்துவிடும். பார்த்தவுடன் ஒரு நிமிடத்துள் உடலின் செயலை மாத்திரம் கோட்டிற் பிடிக்கும் பயிற்சியை அமெரிக்க ஆசிரியர் நிக்கொலாய்டிஸ் வகுத்தார். அவரது நூல் அவர் இறந்தபின் 1941இல் வெளிவந்தது. கைகால், முகம் எதையும் முடிக்கவேண்டியதில்லை. நூற்றுக்கு எண்பது கிழித்தெறிய வேண்டியனவாகவே அமையும்.

இங்கேதான் நமது பரீட்சை முறை குறுக்கிடுகின்றது. கிழித்தெறியும் தாளுக்குப் புள்ளியில்லை. எனவே மாணவர் ‘சந்தைக் காட்சி’யை வீட்டிலே மனனஞ் செய்து வந்து ஒப்புவிக்கின்றனர்; வாழைக்குலை தூக்குபவன் ஆண்டுதோறும் அதே நேர்முதுகோடு வருகின்றான். சித்திர ஆசிரியர்கள் தம் வகுப்பை வாரத்தில் ஒரு நாள் மெய்யான சந்தைக்கு, மூடை இறக்கும் வேளையிலே, அழைத்துச் செல்லட்டும். நேரசூசியில் இடமில்லை என்று கூறும் அதிபர்களிடம், அந்த ஒரு மணித்தியாலத்தில் இப்போது என்ன நடைபெறுகின்றதென்று கேட்கலாம்: முன்னைய ஆண்டின் வினாத்தாளுக்குரிய ‘சந்தைக் காட்சி’யைக் கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதுகின்றனர்.