கல்லுக்குள் ஒரு கடல்

பாலக்காட்டு வாளையாற்றிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. தமிழ்நாட்டு அரியலூரிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. இரண்டையும் சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டியுள்ளனர். ஆயினும் அவை இரண்டும் ஒன்றல்ல. வாளையாற்றுக் கல் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் படிகமானது. இடுக்கி அணையைத் தாங்கும் குறவன், குறத்தி மலைகளும் அவ்வாறு வெந்து இறுகிய பாறைகளே. அவற்றில் உயிர்களின் சுவடு காணக் கிடைப்பதில்லை. அரியலூர்க் கல்லோ கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. அதனைப் பிளந்தால் உள்ளே சிப்பிகள் தென்படும். அந்தக் கல்லைச் சிமெண்டின் மூலப்பொருளாக மட்டும் கருதுவது பிழையாகும்.

டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் பிற்பகுதியில், இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் சில பகுதிகளைக் கடல் பலமுறை மூடிப் பின்வாங்கியது. சேறும் மணலும் சிப்பிகளும் படிந்து பாறைகளாயின. அவற்றின் வயது ஏறத்தாழ 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகள் வரை ஆகும். ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலாளர் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்து, 1862ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு என்னும் கடலுயிரியின் புதைபடிவங்கள் அங்கு மிகுதி. வீடுகளில் வழிபடப்படும் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அவ்வகைப் படிவமே. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது.

இச்செல்வம் காக்கப்படாவிடில் என்ன நேரும் என்பதற்குக் கல்லமேடு சான்றாகும். அரியலூருக்கு அருகிலுள்ள அவ்வூரில் மிகப் பெரிய டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையது எனக் குறிக்கப்பட்டது. யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987இல் அதற்குப் 'பிருகத்காயோசாரசு' எனப் பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது அதன் பொருள். ஆனால் எளிதில் உதிரும் தன்மையுடைய அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்தன. வரைபடங்களும் சில ஒளிப்படங்களும் குறிப்புகளுமே எஞ்சியுள்ளன. ஆகவே, அவ்விலங்கின் உண்மை அளவு பற்றிய ஐயம் இன்றும் தீரவில்லை.

வீடும் பாலமும் கட்டச் சிமெண்டு வேண்டும். சுரங்கங்களால் பலருக்கு வேலை கிடைக்கிறது. வெட்டியதனால்தான் பல படிவங்கள் வெளிப்பட்டன என்று சிலர் கூறுவர். அதுவும் உண்மையே. ஆயினும் வெளிப்பட்டவற்றைக் காண்பதற்கு ஆள் இல்லையெனில், அவை அரவைப் பொறிக்குள் சென்று மாவாகிவிடும். வெட்டிய கல்லுக்கு ஈடாக வேறு ஊர்க் கல்லைக் கொண்டுவரலாம். அழிந்த படிவத்திற்கு ஈடு ஏதுமில்லை.

சுரங்கத்தை மூடுவது இதற்குத் தீர்வன்று. வெட்டுவதற்கு முன்னும் வெட்டும்போதும் வல்லுநர் பார்வையிட வேண்டும். சிறந்த பாறை அடுக்குகள் சிலவற்றை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். கிடைத்தவற்றை வாரணவாசி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சேர்க்க வேண்டும். ஊர்மக்களுக்கும் இவ்வறிவு தேவை. 2020இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் எனப் பலரும் நம்பினர். அவை அம்மோனைட்டுப் படிவுகள் என ஆய்ந்தோர் தெளிவுபடுத்தினர்.

விடுமுறையில் அவ்வழிச் செல்லும் மாணவர் ஒருவர் சிப்பிக் கல்லைக் கண்டால், அதனைப் பையில் இட்டுக்கொள்ள விரும்புவது இயல்பு. ஆனால் கிடந்த இடத்தோடு சேர்ந்தால்தான் கல் தன் வரலாற்றைச் சொல்லும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்திற்குத் தெரிவிப்பதே அறிவுடைமை.

சிந்தித்து எழுதுக:
1. வாளையாற்றுச் சுண்ணாம்புக்கல்லும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. சுரங்கத் தொழிலும் புதைபடிவப் பாதுகாப்பும் இணைந்து நடைபெற இயலுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.