பழைய ரயிலுக்குப் புது மூளை



பெட்டியில் தூங்கும் பழைய மின்சார விளையாட்டு ரயிலை டிஜிட்டல் முறைக்கு மாற்ற முடியுமா? முடியும். ஆனால் ஓர் இடத்தில் கவனம் தப்பினால், காசு கொடுத்து வாங்கிய டிகோடர் ஒரு நொடியில் கருகிப் போகும். அந்த ஓர் இடத்தைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

பழைய முறையில் தண்டவாளத்துக் கரண்டுதான் கட்டளை. 12 வோல்ட் வரை ஏற்றினால் வேகம், குறைத்தால் மெதுவு, கூட்டல் கழித்தலை மாற்றினால் பின்னோட்டம். ஒரே பாதையில் இரண்டு இஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தோட்டத்துச் சங்கு ஊதினால் லயமே எழுந்திருக்குமே, அப்படி.

டிஜிட்டல் முறை பெரட்டு மாதிரி. கிராணி பெயர் கூப்பிடுவது எல்லார் காதிலும் விழும். பெயருக்குரியவர்தான் பதில் சொல்வார். தண்டவாளத்தில் கரண்டு எப்போதும் முழுதாக இருக்கும், ஆனால் இடைவிடாமல் திசை மாறிக்கொண்டிருக்கும். 58 மைக்ரோ விநாடியில் திசை மாறினால் அது ‘1’; 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் ‘0’. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து, எந்த இஞ்சின், என்ன வேகம் என்று சொல்லும். அதைக் கேட்டுத் தன் எண்ணுக்கு மட்டும் மோட்டாரை ஓட்டுவதுதான் டிகோடர். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய முறை இது. அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் டிகோடர் வேறொரு கம்பெனியின் கருவிக்கும் கட்டுப்படும்.

புதிய இஞ்சின்கள் பலவற்றில் 8 துளைச் சாக்கெட் இருக்கும். அடைப்பை எடுத்துவிட்டு டிகோடரைச் செருக வேண்டியதுதான். இதற்கு ஒரு கட்டுரையே தேவையில்லை. திருப்பிச் செருகினால் விளக்கு எரியாது, அவ்வளவே.

சிக்கல் பழையதில்தான். பிரிட்டிஷ் ட்ரை-ஆங் இஞ்சின்களில் இருக்கும் எக்ஸ்04 மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கார்பன்களையும் ஒரே கம்பிச் சுருள் அழுத்துகிறது. ஒரு கைக்கு மட்டும் உறை உண்டு. மறு கை இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். சட்டமோ ஒரு பக்கச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு சேர்ந்தது. இப்படியே டிகோடரை மாட்டினால் தண்டவாளக் கரண்டு நேரே அதன் வெளிவாயிலில் பாயும். புகைதான் மிச்சம். ஆகவே மறு கைக்கும் உறை போட்டு, அந்தக் கார்பனுக்குத் தனி வயர் கொடுங்கள். பிறகு மீட்டரின் ஒரு முனையைக் கார்பனிலும் மறு முனையைச் சட்டத்திலும், ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு கார்பனுக்கும் இந்தச் சோதனை வேண்டும். முள் கொஞ்சம் அசைந்தாலும் டிகோடரைத் தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால், இஞ்சின் பழைய முறையிலேயே ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். திக்கித் திணறும் மோட்டாரை டிகோடர் குணப்படுத்தாது. 12 வோல்ட்டில் சக்கரத்தை ஒரு கணம் பிடித்து நிறுத்தி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து, அதைத் தாங்கும் டிகோடரையே வாங்குங்கள். ரேடியோ இரைச்சலைத் தடுக்க மோட்டாரில் வைத்த சின்னக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள்.

வயர்களின் நிறம் பொதுவானது: தண்டவாளத்துக்குச் சிவப்பும் கறுப்பும், மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும். பற்றவைத்த இடங்களை உறையால் மூடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுக் கரண்டை நேரே கொண்டுவரும் யோசனை வேண்டவே வேண்டாம். இதற்கென்று விற்கும் மின் பெட்டிதான் சரி.

மாற்றாத இஞ்சினை டிஜிட்டல் பாதையில் நிறுத்தி வைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே முனகும், மோட்டார் சூடேறும்.

முதல் ஓட்டத்தைக் குறைந்த கரண்டு தரும் சோதனைப் பாதையில் வையுங்கள். தவறு இருந்தாலும் அங்கே டிகோடர் பெரும்பாலும் பிழைக்கும். புது டிகோடர் 3 என்ற எண்ணோடு வரும். அதை அங்கேயே மாற்றிவிடுங்கள். இரண்டு இஞ்சினுக்கும் 3 என்றே விட்டால், பெரட்டில் ஒரே பெயருக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள்.