வாரம் இருமுறை ஒரு மில்லி



2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் இது 58.6. தமிழ்நாட்டிலும் 50.7-லிருந்து 57.4 ஆக ஏறியிருப்பது கவலை தருகிறது.

விரல் நுனி ரத்தத்தில் பார்த்ததால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் ரத்தநாளத்திலிருந்து எடுத்துச் சோதித்த 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்விலும், ஒன்று முதல் நான்கு வயதினரில் ஏறத்தாழ 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதுவும் சிறிய எண் அல்ல.

பிறக்கும்போது உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்து சுமார் ஆறு மாதம்தான் தாங்கும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. மூளை வேகமாக வளரும் அந்த நேரத்தில் பல வீடுகளில் குழந்தைக்குக் கிடைப்பது வெறும் கஞ்சியும் டீயில் நனைத்த பிஸ்கட்டும். டீயோ, உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையே தடுக்கும். பருப்பும் கீரையும் மசித்து, நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடலில் சேர்வது கூடும். முட்டை, மீன், ஈரல் சாப்பிடும் வீடுகளில் அவற்றையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

2018-இல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தரச் சொல்கிறது. பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது. அங்கன்வாடியிலேயே புகட்டி, அட்டையில் குறித்து, மலம் கறுப்பது இயல்பு என்று தாய்மாருக்கு முன்கூட்டியே சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர்