ஏரிக்கரை பெஞ்சும் சாக்கடைக் குழாயும்

போன வாரம் அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பேச்சு. மகளைப் பார்க்க ஐரோப்பா போய்வந்த ஒருவர் செல்போனில் ஏரிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி தண்ணீர். கடைசியில் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்: "அவன் ரத்தமே வேற சார். நம்ம ஜனங்களுக்கு நூறு வருஷம் ஆனாலும் புத்தி வராது."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லித் திரிந்தவன்தான். என்னைத் திருத்தியது ஒரே ஒரு பகல்.

2012. ரிடையர் ஆகி இரண்டு வருஷம். என் பெரியப்பா மகன், புதுச்சேரியிலிருந்து சொல்தாவாகப் போய் பிரான்சிலேயே தங்கிவிட்டவர், லியோனில் இருக்கிறார். அவரிடம் போயிருந்தேன். ஒருநாள் அவர் பேரனின் முதுகுப் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, தனியாக ரயிலேறி ஆன்சி என்ற ஏரிக்கரை ஊருக்குப் போனேன். இரண்டு மணி நேரப் பயணம். "இந்த வயசுல மூட்டை தூக்கிட்டு எங்கடா?" என்றார் அண்ணன். வாழ்நாளெல்லாம் பைல் தூக்கியவனுக்கு இது ஒரு சுமையா?

நாங்கள் பிரெஞ்சு மீடியம். லமார்த்தீனின் ஏரிக் கவிதையை அர்த்தம் புரியாமலே மனப்பாடம் செய்தவர்கள். அவர் பாடியது பக்கத்திலுள்ள பூர்ழே ஏரியை. அதனாலென்ன, அதே மலைகள், அதே நீலம். அன்றைக்கு நான் ஒரு வேலையும் செய்யவில்லை. பாக்கியே என்ற பெரிய புல்வெளியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். படித்துறையில் காலை நனைத்தேன். நல்ல ஆழத்திலும் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ண முடிந்தது.

பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர். என் பள்ளிக்கூட பிரெஞ்சைக் கேட்டதும் சிரித்தார். "என் தாத்தா பேசியது போல இருக்கிறது" என்றார். நான் பெருந்தன்மையாக, "உங்கள் ஜனங்களுக்குச் சுத்தம் பிறவியிலேயே வந்தது" என்று புகழ்ந்துவைத்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நான் சிறுவனாக இருந்தபோது இந்த ஊர்ச் சாக்கடை எல்லாம் இந்த ஏரிக்குள்தான் வந்தது, மிஸ்யே. எங்கள் குணம் மாறவில்லை. குழாய் மாறியது. வரி கட்டச் சொன்னபோது நாங்கள் முணுமுணுத்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்!"

திரும்பி வந்து படித்துப் பார்த்தேன். நிஜம்தான். ஏரி நோயாளியாகிறது என்று முதலில் கத்தியவர்களில் ஒருவர் போல் செர்வெத்தாஸ் என்ற டாக்டர். 1957ல் கரையோர ஊர்கள் 8 சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தின. பிறகு 27 சதுர கிலோமீட்டர் ஏரியைச் சுற்றிக் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். ஊர்களின் கழிவு ஏரியைத் தொடாமல் சுத்திகரிப்பு நிலையம் போய், அங்கிருந்து ஏரிக்குக் கீழே ஓடும் ஃபியே ஆற்றில் சேர்கிறது. இன்று அந்த ஊர் குடிப்பதே அந்த ஏரித் தண்ணீரைத்தான்.

ஆக, ரத்தம் அல்ல. குழாய்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் 2015லும் 2017லும் தீப்பிடித்தது. தண்ணீரில் தீ! அந்த ஏரி வழிந்து வர்த்தூர் ஏரிக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு. அதனால்தான் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் மலைமலையாக நுரை. அந்த நுரை, டீக்கடைக்காரர் பிளாஸ்டிக் கப்பை வீசியதால் வந்ததா? கண்ட இடத்தில் குப்பை போடுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு மாநகரின் கழிவும் ஆலைகளின் கழிவும் செய்த காரியத்துக்கு அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, பெரிய திருடனைத் தப்பவிடும் வழி.

இன்னொரு வேடிக்கை, "ஏரியை அழகுபடுத்துதல்". நடைபாதை, பெஞ்ச், வண்ண விளக்கு, "ஐ லவ்" என்று ஊர்ப்பெயர் போட்ட பலகை. பக்கத்திலேயே சாக்கடை சலசலவென்று உள்ளே இறங்கும். ஆன்சியில் பெஞ்சில் உட்கார்ந்து ரசிக்க முடிவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருக்கும் குழாய். புதைத்த குழாய்க்கு ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க முடியாது. அதுதான் நம் கஷ்டம்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு ஒருமுறை மனு வந்தது. ஊர்ச் சாக்கடையைப் பாசன ஏரியில் விட்டிருக்கிறார்கள், தடுங்கள் என்று இருபது முப்பது கையெழுத்து, நாலைந்து கைநாட்டு. நான் எழுதிய குறிப்பு: "உரிய துறைக்கு அனுப்பலாம்." அந்தத் துறை வேறொரு துறைக்கு அனுப்பியது. அது எங்களுக்கே திருப்பியது. கடைசியில் "கோப்பில் வைக்கலாம்" என்று எழுதிய கையும் இதே கைதான். மனு போட்டவர்களுக்குப் புத்தி இருந்தது. எங்களுக்குத்தான் இல்லை.

எட்டு ஊர் ஒன்றாகி "இது எங்கள் துறை" என்று சொன்னதுதான் ஆன்சியின் ரகசியம். நமக்கு இது புதிதா? முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறது. அப்போது இருந்த புத்தி ரத்தத்திலிருந்து ஆவியாகிவிட்டதா?

அஞ்செட்டியில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன்? மருமகளுக்கு இங்கே ஆசிரியர் வேலை என்பதால் வந்து சேர்ந்தவன் நான். இங்கே தொட்டல்லா ஓடுகிறது, காவிரியில் கலக்கிறது. பக்கத்தில் பிலிகுண்டுலுவில் தினமும் எத்தனை கன அடி வந்தது என்று அளக்கிறார்கள். அளவுக்கு நாம் போடும் சண்டையில் பத்தில் ஒரு பங்கு அழுக்குக்குப் போடுவதில்லை. ஊர் வளர்கிறது, வீடுகள் பெருகுகின்றன. குழாயை எங்கே கொண்டுபோவது என்று இப்போதே முடிவு செய்தால் செலவு கொஞ்சம். இருபது வருஷம் கழித்து என்றால் பெல்லந்தூர்க் கணக்கு.

இன்னும் ஒன்று. நான் சின்ன வயதில் நீந்திய பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக, இதே தென்பெண்ணையிலிருந்து. கெலவரப்பள்ளி நுரையைத் தாண்டி வரும் அதே ஆறு.

இதை எந்தத் துறைக்கு அனுப்பலாம் என்கிறீர்கள்?