மணிக்குப் பத்தாயிரம்

ஏழு நாள் பாலித் தீவு; யோகா, மசாஜ், இளநீர். புதுச்சேரியில் இருந்துகொண்டே இதற்குப் பிளான் போடுகிறார்கள், சார்! சுவாமி கீதானந்த கிரி 1968-ல் ஆனந்தா ஆசிரமம் தொடங்கியது இந்த ஊரில்தான். வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்கு அவர் வைத்தது ஆறு மாதப் பயிற்சி.

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டேன். டிக்கெட், ரிசார்ட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் வகுப்பு. மணிக்குப் பத்தாயிரம்! மிச்ச நேரம் நீச்சல்குளம், பஃபே. (இளநீர் முத்தியால்பேட்டையிலும் கிடைக்கும்.) ஊர் சுற்றப் போங்க, யார் வேண்டாம்னு சொன்னா? ஆனால் அதை முதுகுவலிக்கு வைத்தியம் என்று வீட்டில் சொல்லாதீங்க. மூச்சுப் பயிற்சியெல்லாம் தினமும் செய்தால்தான் பலன். எட்டாம் நாள் காலை ஐந்தரைக்கு உங்க வீட்டு ஹாலில் பாய் விரிக்க ரிசார்ட்காரன் வரமாட்டான்.